அமெரிக்காவில் ஆக்குபேஷனல் தெரபி உதவியாளர் ஆக: படிப்பு, களப்பயிற்சி, தேர்வு, முதல் வேலை

பக்கவாதத்தில் விழுந்தவரை எழுப்பி நடக்க வைத்தால் மட்டும் அவர் பழைய வாழ்க்கைக்குத் திரும்பிவிடுவதில்லை. நடந்து குளியலறைக்குப் போனபின் அவர் பல் துலக்க வேண்டும், குளிக்க வேண்டும், ஒரு கை சொன்னபடி கேட்காதபோதும் சட்டையை மாட்டிக்கொள்ள வேண்டும், அடுப்படியில் நின்று தனக்கொரு டீ போட்டுக்கொள்ள வேண்டும். இந்த அன்றாடக் காரியங்களை மீண்டும் செய்யப் பழக்குவதுதான் ஆக்குபேஷனல் தெரபி. குழந்தைகளுக்கும் உண்டு, மனநலப் பிரிவிலும் உண்டு. பென்சில் பிடிக்கத் தடுமாறும் பள்ளிக் குழந்தையும் இந்தச் சிகிச்சைக்கு வருகிறது.

அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் பலர் இந்தத் துறையில் உதவியாளராவது எப்படி என்று என்னிடம் விசாரிக்கிறார்கள். குழந்தைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் வேலை தேடுகிறவர்கள், ஊரில் வாங்கிய பட்டம் இங்கே செல்லுபடியாகாமல் தவிக்கிறவர்கள், நாற்பது வயதில் துறை மாற நினைப்பவர்கள். முதியோர் மறுவாழ்வு இல்லம் ஒன்றில் இந்த வேலையைச் செய்கிறவள் என்ற முறையில், வழியை வரிசையாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. உடற்கூறியலைக்கூட உட்கார்ந்து படித்துத் தேறிவிடலாம். கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகுவதுதான் நம்மவர்களுக்குக் கஷ்டம். பெரியவர் பொத்தான் போடத் திணறினால் ஓடிப்போய்ப் போட்டுவிடுவதை அன்பு என்று கற்று வளர்ந்தவர்கள் நாம். இந்தத் தொழிலில் அப்படிப் போட்டுவிட்டால் அன்றைய சிகிச்சையை நீங்களே பறித்துக்கொண்டீர்கள் என்று பொருள். இது மனதில் ஏறினால் மற்றவை எல்லாம் படிப்படியாக வந்துவிடும்.

யார், என்ன செய்கிறார்கள்

மூன்று பேரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தெரபிஸ்ட் முதுநிலை அல்லது முனைவர் நிலைப் பட்டம் பெற்றவர். நோயாளியை மதிப்பீடு செய்து, சிகிச்சைத் திட்டம் வகுத்து, இலக்குகளை எழுதுவது அவர் பொறுப்பு. உதவியாளர் அந்தத் திட்டப்படி சிகிச்சை அளிப்பவர். மதிப்பீட்டில் தகவல் திரட்டி உதவலாம். தனியாக மதிப்பீடு செய்யவோ, தானாகத் திட்டத்தை மாற்றவோ முடியாது. மூன்றாமவர் எய்டு. அறையைத் தயார் செய்வது, கருவிகளைத் துடைத்து வைப்பது, நோயாளியைச் சக்கர நாற்காலியில் அழைத்து வருவது இவர் வேலை. பள்ளிப்படிப்பு இருந்தால் சேரலாம், உரிமம் தேவையில்லை.

விளம்பரங்களில் எய்டு வேலையையும் உதவியாளர் வேலையையும் ஒன்றுபோலக் காட்டுவார்கள். ஊதியத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 மே மாதக் கணக்கில் உதவியாளரின் ஆண்டு ஊதியத்தின் நடுமதிப்பு சுமார் 67,000 டாலர். எய்டுக்கு அதில் பாதியைச் சற்றே தாண்டும். சில வாரங்களில் சான்றிதழ் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அது உதவியாளர் படிப்பாக இருக்க முடியாது.

விண்ணப்பிக்கும் முன் நேரில் பாருங்கள்

பக்கத்தில் உள்ள மறுவாழ்வு இல்லம், மருத்துவமனை, குழந்தைகள் சிகிச்சை நிலையம் எதிலாவது தொலைபேசியில் அழைத்து, ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) பிரிவில் உடனிருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பல கல்லூரிகள் இப்படிப் பார்த்த மணிநேரங்களுக்குக் கையெழுத்து வாங்கி வரச் சொல்கின்றன. கேட்காத கல்லூரியாக இருந்தாலும் போய்வருவது உங்களுக்கு நல்லது. குளியலறையிலும் கழிவறையிலும் அந்நியர் ஒருவருக்கு அருகே நின்று வேலை செய்வது உங்களுக்கு ஒத்துவருமா என்பது அங்கேதான் தெரியும். ஆண் நோயாளிக்குப் பெண்ணும், பெண் நோயாளிக்கு ஆணும் குளிக்கப் பயிற்சி தருவது இங்கே சாதாரணம். அதில் உங்களுக்குச் சங்கடம் இருந்தால் குழந்தைகள் பிரிவு, கை சிகிச்சைப் பிரிவு போன்ற இடங்கள் உண்டு. ஆனால் களப்பயிற்சிக்கு உங்களை எங்கே அனுப்புவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை.

கல்லூரியும் செலவும்

கல்லூரி விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாத ஒன்று அங்கீகாரம். ஆக்குபேஷனல் தெரபி கல்விக்கான அங்கீகார அமைப்பின் பெயர் ஏகோட். அதன் இணையதளத்தில் மாநில வாரியாகப் பட்டியல் இருக்கிறது. ஏகோட் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவர் மட்டுமே தேசியத் தேர்வு எழுத முடியும். புதிதாகத் தொடங்கிய படிப்புகளுக்கு எதிரே ‘கேண்டிடசி’, ‘ப்ரீஅக்ரெடிடேஷன்’ என்று போட்டிருக்கும். அங்கீகாரம் இன்னும் முழுமையாகவில்லை என்று அர்த்தம். அது கடைசிவரை கிடைக்காமல் போனால் மாணவரின் இரண்டு ஆண்டு உழைப்பும் வீண்.

படிப்பு பெரும்பாலும் இரண்டு ஆண்டு அசோசியேட் பட்டம். சில இடங்களில் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டமாகவும் உண்டு. வேலைக்கு இரண்டு ஆண்டுப் பட்டமே போதும். என்னைக் கேட்டால் முதலில் உங்கள் கவுண்டியின் சமுதாயக் கல்லூரியைப் பாருங்கள். தனியார் கல்லூரிகளில் இதே படிப்புக்குப் பல மடங்கு கட்டணம் வாங்குகிறார்கள். முடிவில் எழுதுவது அதே தேர்வு, கிடைப்பது அதே உரிமம். சமுதாயக் கல்லூரியில் இடங்கள் குறைவு, காத்திருக்க நேரலாம். ஓராண்டு காத்திருந்தாலும் பெருங்கடன் இல்லாமல் வெளியே வருவது மேல் என்பது என் கருத்து.

எந்தக் கல்லூரியானாலும் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள். இன்னொன்று, முடித்தவர்களில் எத்தனை பேர் தேசியத் தேர்வில் தேறினார்கள். இரண்டும் பொதுவெளியில் கிடைக்கும் தகவல்கள். தேர்ச்சி விகிதம் மட்டும் பளபளவென்று இருந்து, பாதிப் பேர் நடுவிலேயே வெளியேறியிருந்தால் ஏன் என்று சேர்க்கை அலுவலகத்தில் கேளுங்கள்.

கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர்கள் ஃபாஃப்சா படிவம் நிரப்பி மத்திய அரசின் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குப் பெல் கிராண்ட் கிடைக்கும். அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஏற்கெனவே இளநிலைப் பட்டம் உள்ளவர்களுக்கு அது கிடைக்காது. ஊரில் வாங்கிய பட்டமும் இதில் கணக்கு.

விசா பற்றி ஒளிவுமறைவின்றி

எச்-1பி வேலை விசாவில் உள்ளவரின் துணைவருக்கான எச்-4 விசாவில் இருப்பவர் படிக்கத் தடையில்லை. வேலை செய்ய மட்டும் வேலை அனுமதி அட்டை வேண்டும். 2015 முதல், துணைவருக்கு ஐ-140 (வேலைவழி கிரீன் கார்டு மனு) ஒப்புதல் கிடைத்திருந்தால் எச்-4 வைத்திருப்பவரும் அதற்கு விண்ணப்பிக்கலாம். மாணவர் விசாவில் வந்து இதைப் படித்து, பிறகு எச்-1பி வாங்கிவிடலாம் என்று திட்டமிடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கிறது. எச்-1பி என்பது குறைந்தது இளநிலைப் பட்டம் தேவைப்படும் வேலைகளுக்கானது. அசோசியேட் பட்டம் போதும் என்கிற இந்த வேலை அதற்குள் அடங்குவது மிகக் கடினம். வேலை செய்யும் உரிமை ஏற்கெனவே இருப்பவர்களுக்கு, அல்லது விரைவில் வரப்போகிறவர்களுக்கு ஏற்ற படிப்பு இது. பணம் கட்டும் முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுங்கள்.

இந்தியாவில் ஆக்குபேஷனல் தெரபியிலேயே பட்டம் பெற்றவர்கள் உதவியாளர் படிப்பில் சேர அவசரப்படாதீர்கள். வெளிநாட்டில் படித்த தெரபிஸ்ட்டுகளின் தகுதியை ஆராய்ந்து தேர்வு எழுத அனுமதிக்கும் பாதை தனியாக இருக்கிறது. முதலில் அந்தக் கதவைத் தட்டிப் பாருங்கள்.

முன்படிப்புகள்

சேர்க்கைக்கு முன் சில பாடங்களை முடித்திருக்கச் சொல்வார்கள்: ஆய்வகத்தோடு கூடிய உடற்கூறியலும் உடலியங்கியலும் இரண்டு பருவம், ஆங்கிலக் கட்டுரை எழுதுதல், அறிமுக உளவியல், பிறப்பு முதல் முதுமை வரையிலான வளர்ச்சி உளவியல். மருத்துவச் சொற்கள், புள்ளியியல் கேட்கும் கல்லூரிகளும் உண்டு. ஊரில் படித்தவற்றுக்கு மதிப்பு பெற, மதிப்பெண் பட்டியல்களை வெஸ் போன்ற நிறுவனத்தின் மூலம் மதிப்பிட்டு அனுப்ப வேண்டும். அறிவியல் பாடங்கள் பல ஆண்டுகள் பழையவை என்றால் பெரும்பாலும் மறுபடி படிக்கச் சொல்லிவிடுவார்கள். அதற்காக வருந்த வேண்டாம். எலும்பு, தசை, நரம்பு மூன்றும் புதிதாக மனதில் இருந்தால் பிறகு வரும் பாடங்கள் எளிது.

இரண்டு ஆண்டுகளில் கற்பது

உடல் இயக்கவியல், நரம்பியல், குழந்தைகள், முதியோர், உடல் ஊனம், மனநலம் எனப் பாடங்கள் இருக்கும். மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று கோனியோமீட்டர் வைத்து அளப்பீர்கள். தசையின் வலுவை 0 முதல் 5 வரை மதிப்பிடுவீர்கள். இவையெல்லாம் புத்தகத்தில் உள்ளபடி வந்துவிடும். ஆய்வக வகுப்பில் சக மாணவரை நோயாளியாக உட்கார வைத்துச் செய்கிற பயிற்சிகளில்தான் தொழில் கைக்கு வருகிறது.

சட்டை மாட்டும் பாடத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இடப்பக்கம் செயலிழந்தவர் நாற்காலியில் உறுதியாக உட்கார்ந்திருக்கிறார். சட்டையை அவர் மடியில், உட்புறம் மேலே தெரியும்படி விரிக்கிறோம். இடது கைத்துளை இரண்டு கால்களுக்கும் நடுவே திறந்து கிடக்க வேண்டும். வலது கையால் இடது கையைத் தூக்கி அந்தத் துளையில் விடுகிறார். முழங்கையைத் தாண்டி, தோள்வரை சட்டையை இழுத்து ஏற்ற வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பின்னால் எல்லாம் சிக்கிக்கொள்ளும். பிறகு கழுத்துப்பட்டையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து வலது கையை நுழைக்கிறார். பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டால் மேல்கீழ் மாறாது. சுருக்கமாக, பலவீனமான கை முதலில் உள்ளே போகும், கழற்றும்போது கடைசியில் வெளியே வரும்.

முதல் தடவை இதற்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். நீங்கள் செய்தால் ஒரு நிமிடம். அந்த அரை மணி நேரமும் நீங்கள் சொல்லால் வழிகாட்டி, தேவைப்பட்ட இடத்தில் விரல் நுனியால் தொட்டு உணர்த்தி, அவர் விழாமல் பார்த்துக்கொண்டு, பொறுத்திருக்க வேண்டும். எங்கே உதவ வேண்டும், எங்கே விட்டுவிட வேண்டும் என்று கண்டுகொள்வதுதான் இந்தத் தொழிலின் உயிர்.

படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதும் அப்படியே. நாற்காலியை அவருடைய வலுவான பக்கத்தில் வைத்து, பிரேக் போட்டு, கால்தாங்கியை விலக்கி, இடுப்பில் கெய்ட் பெல்ட் (நாம் பிடித்துக்கொள்ளும் அகலப் பட்டை) கட்டி, அவரை விளிம்புக்கு நகர்த்தி, பாதங்களை முழங்காலுக்குப் பின்னால் இழுத்து வைத்து, முன்னால் குனிந்து எழச் சொல்ல வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்கக்கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். வீட்டில் பாட்டியைத் தூக்கிய பழக்கத்தில் அக்குளுக்குக் கீழே கைபோட்டுத் தூக்குகிறவர்கள் அந்தப் பழக்கத்தை முதல் வாரத்திலேயே விட வேண்டும்.

இன்னொரு பாடம், ஒரு செயலைப் பிரித்துப் பார்ப்பது. வலப்பக்கம் செயலிழந்த தமிழ்ப் பாட்டி ஒருவரை எண்ணிப் பாருங்கள். இடது கையில் கரண்டியைக் கொடுத்து, பிடி தடித்த கரண்டி, விளிம்பு உயர்ந்த தட்டு என்று ஏற்பாடு செய்தால் அமெரிக்க முதியவருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். அந்தப் பாட்டி வாயைத் திறக்க மாட்டார். இடது கையால் சாப்பிடுவது அவருக்குச் சாப்பாடே அல்ல. அதனால் பசியோடு இருப்பார், அல்லது மகள் ஊட்டிவிடும்வரை காத்திருப்பார். இதைச் சொல்லாமலே புரிந்துகொள்கிற ஒருவர் அந்த அறையில் இருந்தால் திட்டமே மாறும். வலது கையில் சிறிதளவு அசைவு இருந்தாலும் ரசம் சாதத்தை விட்டுவிட்டு இட்லித் துண்டில் தொடங்கலாம். முழங்கையை மேசையில் ஊன்றச் செய்து, அவர் கைமேல் கைவைத்து வாய்வரை கொண்டுபோய்ப் பழக்கலாம். விழுங்குவதில் சிரமம் உண்டா என்று பேச்சு சிகிச்சையாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு செயலை எளிதாக்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாக்குவதை ‘கிரேடிங்’ என்பார்கள். தேர்விலும் வேலையிலும் தினமும் வருவது இது.

எழுத்து வேலையையும் அலட்சியம் செய்யாதீர்கள். ‘நோயாளி இன்று நன்றாகச் செய்தார்’ என்று எழுதினால் காப்பீட்டு நிறுவனம் பணம் தராது. ‘உட்கார்ந்த நிலையில் முன்திறப்புச் சட்டை அணிய மினிமம் அசிஸ்ட் தேவைப்பட்டது, இடது தோள்மேல் சட்டையை ஏற்ற இருமுறை வாய்மொழிக் குறிப்பு தரப்பட்டது’ என்று எழுத வேண்டும். மினிமம் என்றால் வேலையில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ நோயாளியே செய்தார் என்று பொருள். பாதியிலிருந்து முக்கால்வரை அவர் செய்தால் மாடரேட், கால் பங்கிலிருந்து பாதிவரை என்றால் மேக்சிமம். ஆங்கிலப் பேச்சில் தடுமாற்றம் இருப்பவர்களும் இந்த எழுத்தில் நன்றாகத் தேறிவிடலாம். வாக்கிய அமைப்பு திரும்பத் திரும்ப வருவதுதான்.

களப்பயிற்சி

முதல் நிலைக் களப்பயிற்சி படிப்போடு கூடவே நடக்கும். பெரும்பாலும் பார்ப்பதும் சிறிது கைகொடுப்பதும். இரண்டாம் நிலைதான் பெரிது. குறைந்தது 16 வாரம், முழுநேரம், சம்பளம் கிடையாது. வழக்கமாக எட்டு எட்டு வாரமாக இரண்டு இடங்களில் இருக்கும். பகுதிநேரமாகச் செய்ய ஏகோட் விதி இடம் தருகிறது, முழுநேரத்தில் பாதியாவது இருக்க வேண்டும். கல்லூரி ஒப்புக்கொள்கிறதா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

குடும்பத்தில் இருப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். காலை ஏழு மணிக்கு நோயாளி உடை மாற்றும் நேரத்தில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். குழந்தையைப் பள்ளிக்கு யார் விடுவது, காய்ச்சல் வந்தால் யார் பார்த்துக்கொள்வது, இன்னொரு கார் தேவையா, அந்த நான்கு மாதம் வருமானம் இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று கணவன் மனைவி ஓராண்டுக்கு முன்பே உட்கார்ந்து பேசுங்கள். ஊரிலிருந்து அம்மாவையோ மாமியாரையோ வரவழைப்பதாக இருந்தால் விசாவும் டிக்கெட்டும் அந்தத் தேதிகளுக்குப் பொருந்த வேண்டும்.

பயிற்சிக்கு முன் தடுப்பூசிப் பதிவுகள், காசநோய்ப் பரிசோதனை, முதலுதவிச் சான்றிதழ், குற்றப்பின்னணிச் சரிபார்ப்பு கேட்பார்கள். ஊரில் பி.சி.ஜி. போட்டவர்களுக்குத் தோல் பரிசோதனை சில சமயம் பாசிட்டிவ் காட்டும். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்று கேளுங்கள்.

மேற்பார்வையாளர் குறை சொன்னால் தலைகுனிந்து கேட்டுவிட்டு வந்துவிடும் மாணவர்கள் நம்மில் நிறைய. இங்கே அதை ஆர்வமின்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ‘அடுத்த முறை இதை எப்படிச் செய்ய வேண்டும், ஒருமுறை காட்டுங்கள்’ என்று கேளுங்கள். நடுவில் ஒரு மதிப்பீடு, முடிவில் ஒரு மதிப்பீடு இருக்கும். நடு மதிப்பீட்டில் குறைந்த மதிப்பெண் வந்தால் அன்றே கல்லூரியின் களப்பயிற்சி ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். கடைசி வாரம்வரை மறைத்தால் யாராலும் உதவ முடியாது.

தேர்வும் உரிமமும்

பட்டம் முடிந்ததும் என்.பி.சி.ஓ.டி. என்ற தேசியச் சான்றளிப்பு அமைப்பின் தேர்வு. கணினியில் நான்கு மணி நேரம். மதிப்பெண் 300 முதல் 600 வரை அளவிடப்படும். 450 எடுத்தால் தேர்ச்சி. தேறியபின் உங்கள் பெயருக்குப் பின்னால் ‘கோட்டா’ (COTA, சான்றுபெற்ற ஆக்குபேஷனல் தெரபி உதவியாளர்) என்று போட்டுக்கொள்ளலாம்.

மனப்பாடம் அதிகம் உதவாது. ஒரு சூழ்நிலையைச் சொல்லி, உதவியாளர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பார்கள். எல்லாப் பதில்களும் சரிபோலவே தோன்றும். முதலில் பாதுகாப்பைப் பாருங்கள். அடுத்து, இது உதவியாளரின் வரம்புக்குள் வருகிறதா, தெரபிஸ்ட்டிடம் தெரிவிக்க வேண்டியதா என்று பாருங்கள். பிறகு அந்த நோயாளிக்கு எது முக்கியம் என்று கேள்வியிலேயே சொல்லப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். களப்பயிற்சி முடிந்த சூட்டோடு எழுதிவிடுவது நல்லது. ஆறு மாதம் தள்ளினால் கையில் இருந்ததெல்லாம் கலைந்துவிடும்.

தேறியபின் மாநில உரிமம் தனி. விரல்ரேகை, கட்டணம், சில மாநிலங்களில் அந்த மாநிலச் சட்டத்தைப் பற்றிய சிறு தேர்வு. உரிமம் கைக்கு வரும்முன் நோயாளியைத் தொடக்கூடாது. தேசியச் சான்றிதழை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 36 அலகு தொடர்கல்வியோடு புதுப்பிக்க வேண்டும். மாநில உரிமத்துக்கான கணக்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

முதல் வேலை

முதியோர் மறுவாழ்வு இல்லங்கள், மருத்துவமனைகள், பள்ளிகள், வீட்டுக்கே போய்ச் செய்யும் சிகிச்சை என்று இடங்கள் பல. பள்ளி வேலையில் கோடை விடுமுறை உண்டு, குழந்தைகள் இருப்பவர்களுக்கு வசதி. இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். வீட்டுச் சிகிச்சையில் ஊதியம் நன்றாக இருக்கும், ஆனால் புதியவர் தனியாக ஒரு வீட்டுக்குள் போய் முடிவெடுக்க நேரும். ஓராண்டாவது நாலு பேர் கூட இருக்கும் இடத்தில் வேலை பாருங்கள்.

பணம் வரும் வழியையும் தெரிந்துகொள்ளுங்கள். 2022 ஜனவரி முதல், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில், புறநோயாளிச் சிகிச்சைக்குப் பணம் தரும் பார்ட் பி பிரிவில், உதவியாளர் அளிக்கும் சிகிச்சைக்கு வழக்கமான தொகையில் 85 சதவீதம்தான் தருகிறார்கள். அதனால் சில புறநோயாளி நிலையங்கள் தெரபிஸ்ட்டையே வைத்துக்கொள்ள விரும்புகின்றன. முதியோர் மறுவாழ்வு இல்லங்களில் 2019 அக்டோபரில் மெடிகேர் பணம் தரும் முறை மாறியபோது பலருக்கு வேலைநேரம் குறைந்தது. அதனால் தொடக்கத்தில் முழுநேர வேலைக்கு மட்டும் காத்திருக்காமல், கூப்பிடும்போது போகும் பி.ஆர்.என். வேலையையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆள் நன்றாக வேலை செய்கிறார் என்று தெரிந்தால் காலியிடம் வரும்போது அவர்களே அழைப்பார்கள்.

நேர்காணலில் நீங்களும் கேள்வி கேளுங்கள். உற்பத்தித்திறன் இலக்கு எத்தனை சதவீதம்? அதாவது, நீங்கள் இருக்கும் நேரத்தில் எவ்வளவு நேரம் நோயாளியோடு சிகிச்சையாகப் பதிவாக வேண்டும்? 90 என்று சொன்னால், குறிப்பு எழுதும் நேரம் அதற்குள் எங்கே வருகிறது என்று கேளுங்கள். நோயாளி செய்யும்போதே பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம் என்பார்கள். சட்டைக்குள் கை நுழைக்கத் திணறுகிறவரைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு சிகிச்சை அளிக்க முடியாது. அப்படி எதிர்பார்க்கும் இடத்தை வேறு வழியிருந்தால் தவிர்த்துவிடுங்கள். உங்களை மேற்பார்வையிடும் தெரபிஸ்ட் அதே கட்டடத்தில் இருப்பாரா, தொலைபேசியில் மட்டுமா? ஒரே நாளில் இரண்டு கட்டடங்களுக்கு அனுப்புவார்களா, அனுப்பினால் பயண நேரத்துக்குச் சம்பளம் உண்டா? நோயாளிகள் குறையும் நாளில் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்புவார்களா? பதில்களை எழுதி வாங்கிக்கொண்டு, உங்கள் மாநில உரிம வாரியத்தின் மேற்பார்வை விதியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.